வண்ணப்பூச்சு மட்டும் வரலாறு ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஜப்பானின் பழைய புரொப்பெல்லர் விமானங்களையும் அவற்றின் உள்நாட்டு வழித்தடங்களையும், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃபிளைட் சிமுலேட்டரில் மீட்டெடுக்கும் ஆர்வலர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால் கட்டுரை பெரும்பாலும் விமானங்களின் வண்ணப்பூச்சையும் நிறுவனச் சின்னங்களையும் வியப்பதோடு நின்றுவிட்டது. இதே பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், அன்றைய விமானம் எந்த உயரத்தில், எதை நம்பி, எந்த ஓடுபாதையை நோக்கிப் பறந்தது என்பதே மீட்டெடுக்க வேண்டிய வரலாறு என்று கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் விமானம் இயக்குவதை நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை செய்திருந்தது. அதனால் 1951 அக்டோபர் 25 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒசாகாவின் இடாமி வழியாக ஃபுகுவோகாவுக்குத் தன் முதல் உள்நாட்டுச் சேவையைத் தொடங்கியபோது, மார்ட்டின் 2-0-2 விமானமும் அதை ஓட்டிய விமானிகளும் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்தார்கள். ஃபுகுவோகாவில் அது இறங்கிய இடாசுகே அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்தது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும் 1959 வரை அமெரிக்கர் கையிலேயே இருந்தது. அந்த ஏற்பாட்டின் விலை விரைவிலேயே தெரிந்தது. 1952 ஏப்ரல் 9 அன்று ஹனேடாவிலிருந்து அதே தடத்தில் புறப்பட்ட ‘மொகுசெய்’ விமானம் மேகமூட்டத்தில் இசு ஓஷிமா தீவின் மிஹாரா எரிமலையில் மோதியதில் அதிலிருந்த 37 பேரும் உயிரிழந்தனர். கட்டுப்பாட்டு நிலையம் கொடுத்த உயரம் 2,000 அடியா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. மிஹாராவின் உயரமோ 758 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,490 அடி. சிமுலேட்டரில் மேகத்தைத் தாழ இறக்கி, ஜிபிஎஸ் வரைபடத்தை அணைத்துவிட்டு, 2,000 அடியில் அந்தத் தீவை நோக்கிச் செல்பவருக்கு அந்த எண்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியிராது.

அன்றைய வழிகாட்டி, தரையிலிருந்து வானொலி அலைகளை அனுப்பும் ரேடியோ பீக்கன் நிலையம்தான். அதன் திசையைக் காட்டும் முள், விமானம் நிலையத்தின் தலைக்கு மேல் கடக்கும்போது ஒரு கணம் அலைபாய்ந்து, பிறகு பின்புறமாகத் திரும்பும். அடுத்த பீக்கனுக்கான அலைவரிசையை மாற்றி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, பக்கக்காற்று விமானத்தை எவ்வளவு தள்ளுகிறது என்பதை விமானியே கணித்தாக வேண்டும். உயரமும் அப்படித்தான். டிசி-3, டிசி-4 விமானங்களின் பயணிகள் அறைக்கு அழுத்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால், மிக உயரே ஏறிப் பறக்க முடியாது. இன்றைய ஜெட் பயணிக்கு ஜன்னலுக்குக் கீழே தெரியும் 3,776 மீட்டர் ஃபுஜி மலை, அன்றைய விமானிக்குத் தன்னைவிட உயர்ந்து நின்ற தடை. ஹனேடாவிலிருந்து இடாமிக்கு நேர்கோடு போடாமல் மலைக்குத் தெற்கே கடலோரமாகப் பறந்து பார்த்தால் இது புரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தரையில் இருக்கிறது. சிமுலேட்டரில் உள்ளது இன்றைய ஜப்பான். ககோஷிமா நகருக்குள் இருந்த கமோய்கே விமான நிலையம் 1972-இல் மலைப்பக்கம் இடம்பெயர்ந்தது. ஓய்தா 1971-இலும், தகாமட்சு 1989-இலும், ஹிரோஷிமா 1993-இலும் மாறின. ஹனேடாவோ கடலைத் தூர்த்து அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. பழைய நிலப்படங்களையும் வான்படங்களையும் தேடி, காணாமற்போன ஓடுபாதைகளைக் கூலி வாங்காமல் உருவாக்கித் தரும் ஆர்வலர்களின் உழைப்புக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

1962-இல் முதன்முதலாகப் பறந்து, மொத்தம் 182 மட்டுமே தயாரிக்கப்பட்ட, ஜப்பானின் சொந்தத் தயாரிப்பான ஒய்எஸ்-11 பயணிகள் விமானத்தைக் கட்டுரை சரியாகவே பாராட்டியிருந்தது. கான்பூரில் தயாராகி இந்தியன் ஏர்லைன்ஸில் பறந்த அவ்ரோ 748-க்கும் இதற்கும் ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் என்ற ஒரே வகை இன்ஜின்தான் என்பதால், அதன் கூர்மையான விசில் ஒலி நம்மூர் மூத்த பயணிகள் சிலருக்கும் நினைவிருக்கலாம். ஹைட்ராலிக் (திரவ அழுத்த) உதவியின்றி விமானியின் கைவலுவால் இயங்கிய அதன் கட்டுப்பாடுகளின் கனத்தை மட்டும், நம் மேசைமேல் உள்ள ஜாய்ஸ்டிக் தருவதில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு இதில் இறங்க விரும்புவோர் 1950-களில் தொடங்க வேண்டாம். ஜப்பானில் ஒய்எஸ்-11 கடைசியாகப் பயணிகளுடன் பறந்தது 2006 செப்டம்பர் 30 அன்று, ஓகினோஎராபு தீவிலிருந்து ககோஷிமாவுக்கு. அந்த இரு விமான நிலையங்களும் இன்றும் அதே இடத்தில் இருப்பதால் எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. பீக்கன் முள்ளுக்குப் பழகும்வரை டோகுனோஷிமா, அமாமி, யாகுஷிமா என்று வழியெங்கும் தீவுகளைக் கண்ணால் பார்த்தே திசையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.