சிங்கப்பூர்ல கைதியான சிங் ஜெனரல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வருஷா வருஷம் பிப்ரவரி 15 வந்தா 1942ல சிங்கப்பூர் விழுந்த கதைதான், சரணடைஞ்ச பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், ஜெயிச்ச ஜப்பான் ஜெனரல் யமாஷிட்டானு ரெண்டு பேரு வந்துடும், ஆனா அன்னைக்கு இங்க சிக்கின சீக்கிய ஆபீசர் ஹர்பக்‌ஷ் சிங் பின்னாடி என்ன ஆனாருன்னு யாரும் எழுதி நான் படிச்சதில்ல. மலாயாவுல குவாந்தான் பக்கம் ஜப்பான்காரங்க பதுங்கி அடிச்சதுல தலையில காயம், அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரியில கிடந்தாரு, அப்புறம் குளுவாங் கேம்ப்ல கைதி, டைபாய்டு, பெரிபெரி எல்லாம் பாத்துட்டாரு.

அதோட முடிஞ்சிருக்கணும், முடியல. காஷ்மீர் சண்டையில நொந்து போயிருந்த இந்திய ராணுவத்தோட 1 சீக் பட்டாலியன (சீக்கியப் படைப்பிரிவு) நடத்த தானா ஒரு படி பதவி இறங்கி வந்தாரு (இப்ப ஆபீஸ்ல யாராச்சும் செய்வாங்களா?), 1948ல தித்வால புடிச்சாரு, வீரத்துக்கான வீர் சக்ரா விருது கிடைச்சுது.

பெரிய விஷயம் 1965 இந்தியா-பாகிஸ்தான் போர். இந்தியாவோட மேற்குப் பகுதி ராணுவம் முழுசா அவரு கையில. பியாஸ் ஆத்துக்குப் பின்னாடி வந்துடுங்கன்னு ராணுவத் தலைமைத் தளபதி சௌத்ரி சொல்றாரு, வந்தா அமிர்தசரஸ் போச்சு, இவரு முடியாதுன்னுட்டாரு. பஞ்சாப்ல அசல் உத்தர்ங்கற கிராமத்துல கரும்புக் காட்டுல தண்ணிய திறந்துவிட்டு பாகிஸ்தானோட பாட்டன் டாங்கிய சேத்துல மாட்ட வச்சது அந்த சண்டைலதான். அப்புறம் பத்ம விபூஷண்.

அடுத்த பிப்ரவரில இவரப் பத்தி அரைப் பக்கமாவது போடுங்க, போட்டோவோட.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்