மறுபாதிச் செபம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நேற்று இரவு நீ தொலைபேசியில் அழுதபோது எனக்குப் பேச்சு எழவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, மஸ்கட்டில் அதே பிரசவ வார்டுக்கு வேலைக்குத் திரும்பி, மற்றவர்களின் குழந்தைகளைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுக்கிற உனக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலே வாய் கட்டிக்கொள்கிறது, விசுவாசத்தை இழந்துவிட்டேனா அம்மா என்று கேட்டாய். உன் செபக்கூட்டத்தில் ஒரு பெண்மணி, விசுவாசம் போதாததால்தான் இப்படி நேர்ந்தது என்று சொன்னதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை.

2017 நவம்பர் 30 உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ நர்சிங் கல்லூரி விடுதியில் இருந்தாய். ஒக்கிப் புயல் அடித்தபோது உன் மாமாவின் படகு ஆழ்கடலில் இருந்தது. புறப்பட்டுப் பல நாட்கள் ஆகியிருந்ததால் கரையில் சொன்ன எச்சரிக்கை எதுவும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை என்று நம் கரை முழுவதும் பெண்கள் மணலிலேயே கிடந்தோம். அடையாளம் காண முடியாத உடல்கள் கேரளத்தில் கரையேறியபோது இரத்தம் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். நானும் திருவனந்தபுரம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எதுவும் பொருந்தவில்லை. வெறும் குழி வெட்டக் கூடாது என்று அம்மாச்சி சொல்லிவிட்டதால் உன் மாமாவுக்கு இன்றுவரை கல்லறை இல்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அதற்குப் பின் ஏறக்குறைய நான்கு மாதம் நான் செபம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், வாய் திறக்காமல் திரும்பி வருவேன். துக்கம் கேட்க வந்தவர்கள் "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்று சொல்லும்போது அவர்கள் கையிலிருக்கும் காப்பி டம்ளரைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று தோன்றும். அந்தக் கோபத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அந்த நாட்களில்தான் விவிலியத்தில் உள்ள யோபு நூலை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தும் கடவுளைப் பழிக்காதவர், பொறுமைக்கு யோபு என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அந்த நூலின் 42 அதிகாரங்களில் அவருடைய பொறுமை இரண்டாம் அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது, மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார், அதன்பின் வழக்காடுகிறார். பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல நண்பர்கள் என்று பெயர் எடுத்திருப்பார்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள் மேல்தான், வழக்காடிய யோபுவின் மேல் அல்ல. அந்தப் பெண்மணிக்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை, மகளே. பதில் அங்கே இருக்கிறது.

யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று மறையுரையில் சொல்வார்கள். ஆடுமாடுகள் இரட்டிப்பாயின, உண்மைதான். பிள்ளைகளும் மறுபடி பத்துப் பேர் பிறந்தார்கள். ஆனால் இறந்துபோன முதல் பத்துப் பேர் திரும்பி வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. ஆகையால், அடுத்த பிள்ளை பிறந்தால் இந்தத் துக்கம் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நீ நம்ப வேண்டாம். உன் முதல் பிள்ளை முதல் பிள்ளைதான்.

நம் மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை, மாடுகளும் சொத்தும் அழிந்து மனம் உடைந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அவருக்குச் சொன்னதும் இந்த யோபுவின் கதைதான் என்பார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஏழு ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசம் அவரைத் துன்பத்திலிருந்து காப்பாற்றவில்லை. 2022-இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் தெருவில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். நான் மட்டும் அந்த யோபு கதையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வாய் மூடியிருந்த நாட்களிலும் அம்மாச்சி மாலை ஏழு மணிக்குக் குத்துவிளக்கை ஏற்றிச் செபமாலை தொடங்குவாள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் செபத்தில், வழக்கமாக "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும் முதல் பாதி அவள் பங்கு, "தூய மரியே" என்று தொடங்கும் மறுபாதி என் பங்கு. என் முறை வரும்போது கொஞ்சம் நிறுத்துவாள். நான் சொல்லவில்லை என்றால், என் முகத்தைப் பார்க்காமல், அந்த மறுபாதியையும் தானே சொல்லி அடுத்த மணிக்கு நகர்வாள். ஐம்பத்துமூன்று மணிக்கும் அப்படியே. மகனைக் கடலில் விட்டவள் அவள். ஒரு நாளும் என்னைக் கண்டிக்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. தவக்காலத்தில் ஒரு மாலை, அவளுக்கு இருமல் வந்து குரல் அடைத்தபோது, மறுபாதி என் வாயிலிருந்து தானாக வந்தது.

ஆகவே நீ இப்போது செபிக்க முயல வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, மருமகன் அழுதால் அழவிடு, அவருக்கும் அது பிள்ளைதானே. இங்கே ஏழு மணி ஆகும்போது மஸ்கட்டில் ஐந்தரை. அந்த நேரத்தில் அம்மாச்சியின் அதே மணிமாலையை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். உன் முறை வரும்போது கொஞ்சம் நிறுத்துகிறேன், பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா