மான்களை ஊர் கடத்த வேண்டாம், தண்ணீர் கொடுங்கள்: வன அலுவலருக்கு ஒரு மனு

அனுப்புநர்
மலையடிவார விவசாயிகள்,
கொட்டாம்பட்டி ஒன்றியம், மேலூர் வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: புள்ளிமான்களை வேறிடம் மாற்றாமல், கோடைத் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைக் கிணறுகளுக்குத் தடுப்புச் சுவரும் அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கடலைக் காட்டில் மான் மேய்வது புதிதல்ல. நட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக, "மொத்தமாகப் பிடித்து எங்கேயாவது விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அப்படியொரு மனு வந்தால் தாங்கள் ஏற்கக்கூடாது.

எங்களில் ஒருவர் அந்தமானில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே புள்ளிமான் பூர்வீகம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கொண்டுபோய் விட்டது. அந்தத் தீவுகளில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இல்லாததால் கட்டுக்கடங்காமல் பெருகி, கடலில் நீந்தி அடுத்தடுத்த தீவுக்கும் ஏறிவிட்டது. 2018இல் நேதாஜி பெயர் சூட்டிய பழைய ராஸ் தீவில் சுற்றுலா வருகிறவர்கள் நடுவிலேயே திரிகிறது. பார்க்க அழகுதான். காட்டுக்குள் போனால் மான் வாய்க்கு எட்டும் உயரம்வரை தழையைக் காண முடியாது என்கிறார். முளைக்கிற மரக்கன்றையெல்லாம் தின்றுவிடுவதால், பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் எழும்ப இளமரம் இல்லை. இடம் மாற்றுவது இவ்வளவு தூரம் போகும். அதோடு, மிரண்ட மான் பிடிபடும் அதிர்ச்சியிலேயே செத்தும் போகும்.

இங்கே அது இந்த மண்ணின் பிராணி. வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும். கண்மாய் வற்றியதும் சித்திரை, வைகாசியில் கீழே இறங்கி, மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில் அடிபடுகிறது. நாய் விரட்டி மொட்டைக் கிணற்றில் விழுகிறது. போன கோடையில் கயிறு கட்டித் தூக்கிய ஆண் மானுக்குக் கொம்பு இன்னும் முற்றவில்லை, மெத்தென்ற தோல் போர்த்தியிருந்தது. மேலே வரும்போது உயிரில்லை. ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் பிராணி, ஐயா.

ஆகவே, மலையடிவாரத்தில் தரையோடு ஒட்டிய தொட்டிகள் கட்டி, பங்குனி முதலே லாரித் தண்ணீர் நிரப்ப வேண்டும். காட்டோரக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். ஆள் கூலியில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். பயிர்ச் சேத இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வந்தால், மானைப் பிடிக்கச் சொல்கிறவர்களும் அடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவார விவசாயிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)