விட்டுப்போன எண்கள்

நிஷி-கசாய், டோக்கியோ

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி? நவம்பரில் நீங்கள் வரும்போது ஒரு ஸ்வெட்டர் போதும், கம்பளிக் கோட்டெல்லாம் சுமக்க வேண்டாம். மறக்காமல் கொண்டுவர வேண்டியது, அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூநோட்டின் தட்டுகளில் உங்களிடம் இல்லாதவற்றின் பட்டியல்தான்.

அதைக் கலைஞர் பெயர்வாரியாக எழுதாதீர்கள். நிறுவனம் தட்டுக்குப் போட்ட எண் வரிசையில், இல்லாததை மட்டும் எழுதுங்கள். 1500 வரிசை 1501 முதல் 1600 வரை, அதன் பிறகு 4001-லிருந்து. ஒரே தட்டுக்கு மோனோவில் 4003 என்றும் ஸ்டீரியோவில் 84003 என்றும் இருக்கும். இது தெரியாமல் ஒன்றையே இரண்டு தடவை வாங்குகிறவர்கள் இந்த ஊரிலும் உண்டு.

ஷிஞ்ஜுகுவிலும் ஒச்சனோமிசுவிலும் டிஸ்க் யூனியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஜாஸுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. காலையில் அவசரமாகக் கிளம்பிப் பயனில்லை. இந்த ஊர் இசைத்தட்டுக் கடைகள் பெரும்பாலும் 11 மணி, 12 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே பேச்சுச் சத்தமே இருக்காது, தட்டுகளைத் தள்ளும் டப் டப் மட்டும்தான். பேரம் என்ற பேச்சே கிடையாது. முதலில் ‘ஷின்-ன்யூகா’ பெட்டிக்குப் போங்கள். புதிதாக வந்து சேர்ந்த பழைய தட்டுகள் அதில்தான் இருக்கும். மற்ற பெட்டிகளைத் தினமும் வருகிறவர்கள் சலித்து முடித்திருப்பார்கள். சில சின்னக் கடைகளில் ஆங்கில எழுத்து வரிசைக்குப் பதில் ஜப்பானிய வரிசை: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந. பயப்பட வேண்டாம், சமஸ்கிருத எழுத்து வரிசை புத்த மதத்தோடு வந்ததன் வாரிசு அது. நம்ம அகரவரிசைக்குத் தூரத்துப் பங்காளி. சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன் ‘கொ’வில் கிடைப்பார்.

எந்த நாட்டில், எப்போது அச்சான தட்டு என்பதுதான் பெரிய கேள்வி. லேபிளில் லெக்சிங்டன் அவென்யூ, 47 வெஸ்ட் 63 என்று நியூயார்க் முகவரி போட்ட அமெரிக்க முதல் அச்சுகள் சுவரில் தொங்கும். விலையைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடலாம். இடைவெளியை நிரப்ப ஜப்பானிய மறு அச்சுதான் சரி. அட்டையின் இடது ஓரத்தில் சுற்றியிருக்கும் தாள் பட்டைக்கு ஒபி என்று பெயர். அதிலுள்ள எண் ஜிஎக்ஸ்கே என்று தொடங்கினால் கிங் நிறுவனம், 1970களின் கடைசியில் போட்டது. பிஎன்ஜே என்றால் தோஷிபா-இஎம்ஐ, 1983-க்குப் பிறகு. இரண்டிலும் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. என் காதுக்குக் கிங்தான் பிடிக்கும். தோஷிபாவில் மேல்ஸ்தாயி கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும். நியூயார்க் அச்சின் கீழ்ஸ்தாயி அழுத்தம் இரண்டிலும் முழுசாக வராது, மூல ஒலிநாடாவின் பிரதியிலிருந்து வெட்டியவை ஆயிற்றே. ஜிஎக்ஸ்எஃப் 3000 எண்கள் வேறு ரகம். அமெரிக்காவில் அன்று வெளிவராமல் பெட்டியில் கிடந்த பதிவுகளை கிங் வெளியிட்டது. அவை 1500, 4000 கணக்கில் வராது, தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒபி இல்லையென்றால் விலை குறையும். பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, விட்டுவிடுங்கள்.

பாலிதீன் உறைமேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் போட்டிருப்பார்கள். ஏ, பி, சி என்று போகும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புதான் முக்கியம். ‘சோரி’ என்றால் வளைவு. ‘கபி’ என்றால் பூஞ்சை. பெரும்பாலும் கழுவினால் போய்விடும். ‘ஹரிதோபி’ என்றால் முள் தாவும்; அதைத் தொடவே வேண்டாம். பிறகு கவுண்டருக்குப் போய் “கென்பான் ஒனெகாய்ஷிமாசு” என்று சொன்னால் தட்டை எடுத்துக் காட்டுவார்கள். கென்பான் என்றால் தட்டைச் சோதித்துப் பார்ப்பது. ஓரத்தையும் லேபிளையும் மட்டும் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் போகும் திசையிலேயே மெல்லிய மயிர்க்கோடு இருந்தால் அநேகமாகக் கேட்காது. குறுக்கே வெட்டிப் போகும் கீறல்தான் சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்று அடிக்கும். கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் சோரி தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நடு ஓட்டையைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது குறி தவறி, டர்ன்டேபிள் கம்பி லேபிளில் உரசியிருந்தால் பூனை மீசை மாதிரி பளபளவென்று கோடுகள் விழுந்திருக்கும். இங்குள்ளவர்கள் அதை ‘ஹிகே’ என்பார்கள், மீசைதான். பள்ளத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கலாம், மீசையை எடுக்க முடியாது. மீசை அடர்ந்த தட்டு கண்டபடி ஓடிய தட்டு. ஓட்டை சுத்தமாக இருந்து சீட்டில் பி போட்டிருந்தால் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு, ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென் தாண்டினால், வரிவிலக்குக் கடைகளில் 10 சதவீத வரியில் சலுகை உண்டு. இங்கே குடியிருக்கிற எனக்குக் கிடையாது, அதனால் நீங்களே வாங்குவதுதான் லாபம். சின்னக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும்.

அட்டையோடு ஒரு எல்பி சுமார் கால் கிலோ. இருபது தட்டு என்றால் ஐந்து கிலோ. ஊருக்குக் கட்டும்போது தட்டை அட்டைக்குள் விடாதீர்கள். உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலிதீனில் போடுங்கள். உள்ளேயே இருந்தால் பெட்டி குலுங்குகிற குலுக்கலில் தட்டின் விளிம்பே அட்டையின் அடித்தையலைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, செங்குத்தாக, துணிகளுக்கு நடுவில் செருகுங்கள். சென்னையில் இறங்கியதும் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். கென்பானில் தப்பிய தட்டு அங்கே சோரியாகிவிடும்.

1577 உங்களிடம் இருப்பது மோனோவா ஸ்டீரியோவா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே இரண்டும் கண்ணில் படுகின்றன.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்