லூன் பறவைகளைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

இந்த ஆண்டின் கூடு கண்காணிப்பு முடிந்துவிட்டது. நம் ஏரியில் பொரித்த, லூன் என்ற நீர்ப்பறவையின் குஞ்சுகள் இப்போது தாமாகவே முங்கி மீன் பிடிக்கின்றன. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, கிட்டே போகாமல் இருந்தவர்களுக்கு. லூனின் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கின்றன. முங்கி நீந்த அது அருமையான அமைப்பு. தரையிலோ சரியாக நடக்கவே முடியாது. அதனால் தண்ணீரை ஒட்டியே கூடு வைக்கிறது. விசைப்படகு வேகமாகப் போனால் எழும் அலையே முட்டையை அடித்துக்கொண்டு போய்விடும். கூட்டிலிருக்கும் பறவை கழுத்தைத் தாழ்த்தித் தட்டையாகக் கிடந்தால், தூங்குகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது பயந்து பதுங்குகிறது. இன்னும் நெருங்கினால் தண்ணீரில் இறங்கிவிடும், முட்டைகள் காவலின்றிக் கிடக்கும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள், ஏறக்குறைய 28 நாள் அடை. அத்தனை நாளும் கிட்டே போய்ப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, கூட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று பைனாகுலரில் பார்த்தீர்களே, அது பெரிய உதவி.

அப்புறம், குறிப்பேட்டில் ‘இன்று எதுவும் தென்படவில்லை’ என்று எழுதியவர்களுக்கு. எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பறவையைப் பார்த்த நாட்களை மட்டும் குறித்தால், ஜோடி எப்போது கூட்டைக் கைவிட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. என்னைக் கேட்டால், நம் ஏட்டில் மதிப்பு மிக்க வரிகள் அவைதான்.

தூண்டில் போடுபவர்களுக்குத் தனி நன்றி. இரையை அரைப்பதற்காக லூன் சிறு கற்களை விழுங்கும். அவற்றோடு, தூண்டிலில் எடைக்காகக் கட்டி ஏரியடியில் விழுந்து கிடக்கும் ஈயக்குண்டும் உள்ளே போய்விடும். பறவையைக் கொல்ல ஒரே ஒரு குண்டு போதும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஒரு அவுன்ஸ் வரையுள்ள ஈயக்குண்டுகளை விற்கவும் நன்னீரில் பயன்படுத்தவும் 2016 முதல் தடை இருக்கிறது. சட்டம் எங்கே இருந்தாலும், வீட்டிலுள்ள பழைய தூண்டில் பெட்டியை யாரும் வந்து திறந்து பார்க்கப்போவதில்லை. நீங்களே திறந்து, ஈயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு டங்ஸ்டனுக்கும் எஃகுக்கும் மாறினீர்கள்.

அடைகாலத்தில் நீர்மட்டம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்ட மதகுப் பணியாளர்களுக்கும், லூன் கூடு வைப்பதற்கான மிதவைகளைக் கட்டித் தந்தவர்களுக்கும் நன்றி.

கடலோரம் போகும் குஞ்சுகள் ஏரிகளுக்குத் திரும்பச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். முதல் முட்டையிடப் பெரும்பாலும் ஆறு வயதாவது ஆகிவிடும். ஆகவே கண்காணிப்பு தொடர வேண்டும், புதியவர்களையும் அழைத்து வாருங்கள். ஏரி உறைவதற்குள் மிதவைகளைக் கரையேற்ற வேண்டியிருக்கிறது. வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்; நிரப்பிய குறிப்பேடுகளையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
லூன் கண்காணிப்பு ஒருங்கிணைப்பாளர்