ஜெபிக்க முடியவில்லை என்று எழுதிய தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அம்மா போய் ஐந்து மாதமாகியும் ஜெபிக்க வரவில்லை, முழங்கால்படியிட்டால் "பரலோகப் பிதாவே" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழும்பவில்லை என்று எழுதியிருந்தாய். அதைவிட அதற்கு அடுத்த வரிதான் என்னை வருத்தியது. அடக்க ஆராதனை முடிந்ததும் ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு கேட்டிருக்கலாம்" என்றாராமே.

முதலில் அந்த வார்த்தையை இறக்கி வை. அதை நீ சுமக்க வேண்டியதில்லை.

அவர் மனதில் மாற்கு 11:24 இருந்திருக்கும். ஜெபம்பண்ணும்போது கேட்பவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அப்பொழுது அவைகள் உங்களுக்கு உண்டாகும் என்கிற வசனம். அது இயேசுவே சொன்னது, அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அதே சுவிசேஷத்தில் மூன்று அதிகாரம் தள்ளிப் போய்ப் பார். அந்த வசனத்தைச் சொன்ன சில நாள்களுக்குள்ளாகவே அவர் கெத்செமனே தோட்டத்தில் தரையிலே விழுந்து கிடக்கிறார். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்கிறார். தமக்கு வரப்போகிற பாடுகளைத்தான் பாத்திரம் என்கிறார். ஒருமுறை சொல்லி விட்டுவிடவில்லை. திரும்பப் போய் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவாயிருந்தது என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா?

இதில் என்னைப் பல வருடம் யோசிக்க வைத்த ஒன்று உண்டு. எபிரெயர் 5:7, இயேசு பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டினார், அவர் கேட்கப்பட்டார் என்கிறது. கேட்கப்பட்டாரா? சிலுவைக்குத்தானே போனார்? நம் மொழியில் இது அழகாக விழுந்திருக்கிறது. பிள்ளை ஒன்றை வேண்டுவதும் கேட்பதுதான், தகப்பன் செவிகொடுப்பதும் கேட்பதுதான். நாம் கேட்டது கிடைக்கவில்லை என்றால் அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எபிரெயர் நிருபம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. பாத்திரம் விலகவில்லை, ஆனாலும் குமாரனின் சத்தம் பிதாவின் காதில் விழுந்தது. மரணத்துக்குள் போனவரை அவர் மரணத்தில் விட்டுவிடவுமில்லை.

அப்புறம் அப்போஸ்தலர் 12. சபையில் நாம் அதைப் பேதுரு சிறையிலிருந்து விடுதலையான அதிகாரம் என்றே சாட்சி சொல்வோம். சங்கிலிகள் கழன்று விழுந்தது, இரும்புக் கதவு தானாய்த் திறந்தது எல்லாம் நமக்கு மனப்பாடம். அதன் இரண்டாவது வசனத்தை அவ்வளவாக வாசிப்பதில்லை. யோவானின் சகோதரன் யாக்கோபு பட்டயத்தால் கொலைசெய்யப்பட்டது அங்கேதான் இருக்கிறது. ஒரே சபை, ஒரே ஏரோது ராஜா. ஒருவர் வெட்டப்பட்டார், ஒருவர் வீடு வந்து கதவைத் தட்டினார். ஏன் என்று லூக்கா விளக்கம் எழுதவில்லை. இன்னும் கவனி: பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்த அதே வீட்டில், "பேதுரு வாசலிலே நிற்கிறார்" என்று ரோதை என்ற பெண் ஓடி வந்து சொன்னபோது அவளிடம் என்ன சொன்னார்கள்? "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். அதுதான் அவர்களுடைய விசுவாசத்தின் அளவு. அந்த ஜெபத்துக்குத்தான் பதில் வந்து வாசலில் நின்றது.

ஆகவே உன் ஜெபத்தில் எத்தனை சதவீதம் விசுவாசம் இருந்தது என்று இனிக் கணக்குப் பார்க்காதே. ஜெபம் அளந்து போட்டால் அளந்து கொடுக்கிற இயந்திரமல்ல. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்பா ஐசியூவில் இருந்த நாள்களில் இத்தனை நாள் உபவாசம், இத்தனை மணி நேரம் முழங்கால் என்று ஆண்டவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா பிழைத்தார். ஆனால் அந்த நாள்களில் ஒரு தடவைகூட நான் ஒரு பிள்ளையாக ஆண்டவரிடம் பேசவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அவரை என் வழிக்குக் கொண்டுவருவதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. மத்தேயு 6-ல் இயேசு இதைத்தான் பிடிக்கிறார்: "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அறிந்திருந்தால் எதற்குக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. அவருக்குச் செய்தி சொல்வதற்காக நாம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் "என்னடா ஆச்சு?" என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உன் அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நீயாக ஜெபம் ஜோடிக்க வேண்டாம், கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கிக்கொள். 150 சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியப்படுவாய். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. ஆனால் உனக்கு நான் சொல்வது 88. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் ஆலயப் பாடகரான கோராகின் புத்திரர் ஆலயத்தில் பாட எடுத்துக்கொண்டார்கள், அது வேதத்திலும் இடம்பெற்றது. உன் வருத்தத்தை, கோபத்தைக்கூட, மறைத்துக்கொண்டுதான் ஆண்டவருடைய சமுகத்தில் போய் நிற்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? சத்தமாக வாசி. அழுகை வந்தால் அழு. அன்னாள் உதடு மட்டும் அசையும்படி ஜெபித்தபோது ஆசாரியனான ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனுக்கே புரியாத ஜெபம் ஆண்டவருக்குப் புரிந்தது.

அதுவும் முடியாத நாள் இருக்கும். அன்றைக்குக் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல். ஆதிச் சபையில் அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லும்படி கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் "என்" என்று ஓர் இடத்திலும் இல்லை, கவனித்திருக்கிறாயா? "எங்கள் பிதாவே", "எங்களுக்குத் தாரும்", "எங்களை இரட்சித்துக்கொள்ளும்." நீ வாய் திறக்காத நாளிலும் அந்த "எங்கள்" உன்னையும் சேர்த்துக்கொண்டு போகும். ஆராதனையில் மற்றவர்கள் சொல்லும்போது நீ சும்மா நின்றாலும் போதும். இன்ன தன்மையாய் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. உன் பெருமூச்சை நீ ஜெபம் என்று எண்ணவில்லை. பவுல் எண்ணியிருப்பார்.

கேட்பதையும் விட்டுவிடாதே. தூக்கம் வேண்டுமென்றால் தூக்கம் கேள். அம்மாவின் அலமாரியைத் திறக்கத் தைரியம் வேண்டுமென்றால் அதைக் கேள்.

இன்று காலை உனக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். உன் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு ஆமென் சொல்லி எழுந்தேன். நாளைக் காலையும் உட்காருவேன்.

அன்புடன்,
அக்கா