முன்னாள் படைவீரர் குரல் பதிவு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பதிவுப் பணி முடிந்தது. காலை இழந்தவர், கைதி முகாமிலிருந்து மீண்டவர், பார்வை போன பிறகு புதுத் தொழில் கற்றவர், வெடிச்சத்தம் கனவில் வந்து வருடக்கணக்கில் தூக்கம் கெட்டவர் என 38 முன்னாள் படைவீரர்கள் பேசியிருக்கிறார்கள். மொத்தம் 52 அமர்வுகள், 71 மணி நேர ஒலி. இவை தவிர, குடும்பத்தார் கொடுத்த 46 பழைய கேசட்டுகளில் 42-ஐ மின்வடிவுக்கு மாற்றிவிட்டோம். புகைப்படங்களும் கடிதங்களுமாக 1,140 தாள்கள் ஸ்கேன் ஆகியிருக்கின்றன.

முதல் சந்திப்புக்கு ரெக்கார்டர் எடுத்துப் போகவில்லை. சேர்ந்த வருடம், படைப்பிரிவு, பணியாற்றிய இடங்கள், விடுவிப்புச் சான்று ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டோம். கதையைச் சொல்ல ஆரம்பித்தால் மெதுவாக நிறுத்தினோம். முழுவதையும் ஒருமுறை சொல்லிவிட்டவர், மைக் முன்னால் "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று சுருக்கிவிடுவார். முதல் தடவை வந்த விவரம் மறுபடி வராது.

வீட்டில் இருக்கும் சான்றுகளை அன்றே படமெடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் சுமார் 1.6 முதல் 1.8 கோடி படைவீரர் கோப்புகள் எரிந்தன. அவற்றுக்கு நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. அதன் பிறகு பலருக்குத் தங்கள் பணிக்காலத்தை நிரூபிக்க வீட்டுப் பெட்டியில் கிடந்த தாள்தான் கைகொடுத்தது. அரசிடம் இருக்கும் என்று நம்பி வீட்டுத் தாளை அலட்சியம் செய்யக் கூடாது.

ஒலிப்பதிவில் கெடுதல் செய்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி, சுவர்க் கடிகாரம் மூன்றையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினோம். சட்டை மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தினோம். பதக்கம் அணிந்து வந்தவர்களுக்கு மைக் மறுபக்கம் போனது. பதக்கங்கள் உரசும் சத்தத்தைப் பிறகு நீக்க வழியில்லை. கருவி தாங்கும் எல்லை பூஜ்யம் டெசிபல்; உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைத்தோம். அடக்கிவைத்த குரல் திடீரென உயரும்போது ஒலி சிதைந்துவிடாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். இரண்டு மைக், இரண்டு தடம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு. இந்தக் கணக்கில் மணிக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். மொத்தம் சுமார் 74 ஜிகாபைட். இடம் மிச்சப்படுத்த எம்பி3-இல் பதிவு செய்தால் இழந்த ஒலி திரும்பாது. கேட்பதற்கான பிரதியை மட்டும் எம்பி3 ஆக்கினோம்.

ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவில்லை. காயம்பட்ட நாளிலிருந்து கேள்வியைத் தொடங்கவும் இல்லை. பிறந்த வீடு, பள்ளி, படையில் சேர்ந்த காரணம் என்று நடந்து அந்த நாளுக்கு வந்தோம். "பயமாக இருந்ததா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். "அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் கதை வரும். பேச்சு நின்றால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது பதிவாளர்களுக்கு விதி. மிக முக்கியமான வாக்கியங்கள் பல அந்த மௌனத்துக்குப் பிறகே வந்தன. கை உயர்த்தினால் ரெக்கார்டர் உடனே நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவைத்தோம். கனமான இடத்தில் அமர்வை முடித்துவிட்டு எழுந்து வரக் கூடாது. கடைசிக் கால் மணி நேரம் இன்றைய வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் ஒருவர் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஒப்புதல். பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்குவது பல இடங்களில் வழக்கம். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் போடும் கையெழுத்து அது. நாங்கள் பதிவுக்கு முன் பேசச் சம்மதம் மட்டும் கேட்டோம். முழு ஒலியையும் அவரே கேட்ட பிறகு, யார் கேட்கலாம் என்பதற்குத் தனிப் படிவம் வைத்தோம். 29 பேர் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 6 பேர் ஆய்வாளர்களுக்கு மட்டும் என்றார்கள். 3 பேர் தங்கள் காலத்துக்குப் பிறகு திறக்கச் சொல்லி மூடிவைத்தார்கள். அந்த மூன்றும் எங்களுக்கு மற்றவற்றைவிடக் குறைந்தவை அல்ல.

இறந்த தோழரைப் பற்றிச் சொல்லும் இடம் தனிச் சிக்கல். பேசுபவர் சம்மதிக்கலாம், ஆனால் அந்தத் தோழரின் பிள்ளைகள் தந்தையின் கடைசி நிமிடத்தை ஓர் ஒலிப்பதிவில் முதன்முறையாகக் கேட்கும்படி ஆகக் கூடாது. அத்தகைய பகுதிகளைப் பொதுப் பிரதியிலிருந்து எடுத்து, வெட்டிய இடத்தில் மூன்று நொடி மௌனம் வைத்து, எழுத்துப் பிரதியிலும் குறித்திருக்கிறோம். மூலப் பதிவில் ஒரு நொடியும் வெட்டப்படவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 2000-இல் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டமும், வெட்டு ஒட்டு இல்லாத, குறைந்தது 30 நிமிடப் பேட்டியைத்தான் ஏற்கிறது.

தேதியோ ஊரோ தவறிய இடங்களில் குரலைத் திருத்தவில்லை. எழுத்துப் பிரதியில் அடிக்குறிப்பு மட்டும் போட்டோம். அறுபது வருடத்துக்கு முந்தைய மாதம் மாறிப்போவது பொய் ஆகாது. ஒரு மணி நேர ஒலியை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடித்தது. கணினி எழுதிய வரைவு படைப்பிரிவுப் பெயர்களிலும் வட்டார வழக்கிலும் தடுமாறியதால், இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்காத பிரதி எதுவும் கோப்பில் சேரவில்லை.

கேசட்டுகளை ஓட்டுமுன், தவறிப்போய் மேலே பதிவாகி அழிந்துவிடாமல் இருக்க, விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் காதை உடைத்தோம். பிறகு ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றவிட்டோம். பல வருடம் அசையாத நாடா அடுக்கோடு ஒட்டியிருக்கும். ஒலி மங்கலாக இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் கருவியில் நாடாவைப் படிக்கும் தலையின் கோணம்தான் பொருந்தாமல் இருக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அதைத் திருகித் திருத்த வேண்டும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு துணி விழுந்துபோன ஏழு கேசட்டுகளின் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினோம். பூஞ்சை பிடித்த நான்கைத் தொடவில்லை. சாதாரணக் கருவியில் ஓட்டினால் அதுவும் கெடும், அடுத்த நாடாவுக்கும் பூஞ்சை பரவும். அவை தனிப் பையில், நிபுணரின் கைக்காகக் காத்திருக்கின்றன.

புகைப்படங்களை 600 பிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் டிஃப் என்ற படக் கோப்பாக எடுத்தோம். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றினோம். லேமினேஷன் செய்த சான்றுகளைப் பிரிக்க முயலவில்லை. பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். இனி யாரும் லேமினேஷன் செய்ய வேண்டாம். பின்புறத்தில் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் முன்பக்கம் தடம் விடும். பதக்கங்களுக்கு மெருகுப் பசை போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பொறித்த எழுத்து கொஞ்சம் தேயும்.

எல்லாக் கோப்புகளும் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், வெவ்வேறு தயாரிப்பிலும் வெவ்வேறு காலத்திலும் வாங்கியவை. ஒரே தொகுதியில் வாங்கியவை ஒரே சமயத்தில் பழுதாகக்கூடும். மூன்றாவது வேறு ஊரில், காந்த நாடாவில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டுத் தாளிலும் அச்சிட்டிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணைப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு இனி நூலகத் துணைக்குழுவுக்கு. மூடிய மூன்று பதிவுகளின் கடவுச்சொல் இரண்டு முத்திரையிட்ட உறைகளில், இரண்டு பொறுப்பாளர்களிடம் தனித்தனியாக இருக்கிறது. அவர்கள் மாறும்போது உறையும் கையெழுத்தோடு கைமாற வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் பொதுக்குழுவில் வைக்கப்படும்.

இப்படிக்கு,
பதிவுப் பணிக்குழு